துரையின் முதுகில் ஒரு முழுநிலா

என் நாற்காலியை மீட்காமல் ஓய்வதில்லை என்று சபதம் செய்தேன்.

சாய்வு நாற்காலி என்னுடையது. அதை ஆண்டு அனுபவித்தவர் துரை. துரை எங்கள் வீட்டுப் பூனை. உடம்பு தலையணை அளவு, கர்வம் வீட்டளவு. நான் உட்காரப் போனால் ஒற்றைக் கண்ணைத் திறந்து, 'மனு கொடுத்துவிட்டுப் போ' என்பதுபோல் பார்க்கும். நான் ஸ்டூலுக்குப் போய்விடுவேன்.

"வாயில்லா ஜீவன், தூங்கட்டும்ங்க," என்பாள் மனைவி. வாயிருந்தும் நான் என்ன சுகத்தைக் கண்டேன்?

அப்போதுதான் பத்திரிகையில் படித்தேன். நாய், பூனை முடியில் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்குமாம். முடி வட்டவட்டமாக உதிருமாம். தொட்டவர்களுக்குப் படர்தாமரையாம். எனக்குப் புத்தி பளிச்சிட்டது.

ஆயுள் முழுக்கக் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவன் நான். கொசு கொட்டாவி விட்டால் அதன் பல்லை எண்ணிவிடும் கண். மனைவி கடைக்குப் போயிருந்தாள்; துரை மீன் தின்ற மயக்கத்தில் கிடந்தது. சவரக் கத்தியை எடுத்தேன். அதன் முதுகில் முழுநிலா ஒன்று உதித்தது.

மனைவி வந்ததும் அலறினேன். "ஐயோ, இங்க பாரு! படர்தாமரை! நமக்கும் ஒட்டிக்கும். இப்பவே இதை உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடு!"

"என் தம்பிக்கு மட்டும் ஒட்டலாமா?"

துரையைக் கூடையில் வைத்துக்கொண்டு மிருக டாக்டரிடம் போனாள். நான் சந்தோஷத்தில் ஒரு சவரம் செய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். சொர்க்கத்துக்கு இரண்டு கைப்பிடி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. பூஞ்சையேதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட வட்டத்தில் நிஜப் பூஞ்சையா?

"டாக்டர் ஒரு நீல விளக்கைப் பிடிச்சுப் பார்த்தாரு. பச்சையா மின்னுது! அந்த முடி பட்ட எது நம்ம தோல்ல பட்டாலும் போச்சாம். முதல்ல அரிப்பு. அப்புறம் சிவப்பா வளையம்."

என் தாடை அரித்தது. கன்னம் அரித்தது. மீசை அரித்தது, எனக்கு மீசையே கிடையாது.

"ஏம்மா... கத்தியை வெந்நீர்ல நல்லா அலசிட்டாக்கூட ஒட்டுமா?"

"எந்தக் கத்தியை?"

கூடைக்குள் துரைகூட மூச்சை அடக்கியது.

"சும்மா... பொதுவா கேட்டேன்."

"பொதுவா எந்தக் கத்தியை?"

பத்திரிகை, மீன், கத்தி, நிலா, எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். "தாடையைக் கொஞ்சம் பாரேன்! வளையம் வந்துடுச்சா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு வளையமும் வராது. துரைக்கு ஒரு நோயும் இல்ல. விளக்குல ஒண்ணுமே மின்னலை. நிஜமா வந்திருந்தாலும் மருந்து போட்டா சரியாயிடுமாம். நாடு கடத்தணும்னு அவசியமில்லையாம்."

"அப்போ உனக்கு எப்படி...?"

"டாக்டர்தான் சொன்னாரு. 'பூஞ்சை இவ்வளவு கச்சிதமா வட்டம் போடாதும்மா. உங்க வீட்ல யாராவது வாட்ச் ரிப்பேர் பண்றாங்களா?'ன்னு கேட்டாரு."

முன்பு நாற்காலி மட்டும்தான் போயிருந்தது. முடி வளரும்வரை துரைக்கு முதுகில் குளிருமாம். இப்போது என் சால்வையும் போயிற்று.