துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், நாக்கு மட்டும் நேற்றிலிருந்து ஊதா நிறத்தில் இருக்கிறது. சித்தப்பாவின் முழங்கால் வலி தேவலையா? இதைப் படித்ததும், அம்மா நல்ல மனநிலையில் இருக்கும் பொழுதாகப் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்லவும். உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

வெளிநாட்டுச் சாமான் விற்கும் எங்கள் கம்பெனியில் ஆலிவ் எண்ணெய்க்கு அடுத்த அலமாரியில் இத்தாலி ஒயின் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் நான் வேலைக்குக் கிளம்பியபோதே, "சீட்டு எழுதுறதோட நிறுத்திக்க. ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போச்சு, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடணும்" என்று சத்தியம் வாங்கினாள். ஆறு மாதமாகப் புட்டிகளுக்கு விவரச்சீட்டு எழுதிக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன். நேற்று, என் சோதனைக் காலம் முடியும் நாளில், ஓட்டல்காரர்கள் எட்டுப் பேர் ருசி பார்க்க வந்தார்கள். ஒயினைத் தயாரித்த இத்தாலிக்காரரும் வந்திருந்தார். எங்கள் ஆபீசில் ருசி பார்த்துச் சொல்பவரை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவோம். அந்த மூக்குக்கு நேற்று பார்த்துச் சளி. வெங்காயத்துக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசமா நீ வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. இன்னிக்கு இவங்க முன்னாடி எந்தச் சாப்பாட்டுக்கு இது சேரும்னு சொல்லு, வேலை நிரந்தரம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கம்மா."

"நான் குடிக்க மாட்டேன் சார்."

"யாரு குடிக்கச் சொன்னா? வாயில வச்சுச் சுழட்டிட்டு, வாளியில துப்பணும். தொழிலே அதுதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலையும் நிலைக்கும், சத்தியமும் நிலைக்கும். கம்பெனிச் சமையல்காரர் சுட்டுவைத்த மீனில் ஒரு துண்டு தின்று, சிவப்பு ஒயினை ஒரு வாய் இழுத்தேன். சித்தி, இரும்புச் சாவியைக் கடித்த மாதிரி இருந்தது. துப்பலாமென்று வாளியைப் பார்த்தால், அதைச் சுற்றி எட்டுக் கோட்டு சூட்டு. முன்பின் தெரியாத பெரிய மனிதர்கள் நடுவில் எப்படித் துப்புவது? விழுங்கினால் அம்மா. கன்னம் இரண்டும் உப்பிப்போய், சிலைபோல் நின்றேன். "மீனுக்கு எப்படிம்மா?" என்றார் பெரிய ஓட்டல்காரர். வாய் நிறைய ஒயின் இருக்க, தலையை இடமும் வலமும் ஆட்டினேன். மேனேஜர் முகம் செத்துவிட்டது. "அப்ப எதுக்குத்தான் சேரும்?" என்றார் ஓட்டல்காரர். தக்காளிச் சாற்றில் வெந்த இறைச்சித் தட்டை நோக்கி விரலை நீட்டினேன்; மீனைத் தவிர மேசையில் இருந்தது அது ஒன்றுதான். "ஐயோ, துப்பும்மா!" என்று மேனேஜர் கத்தியதும், துப்பிவிட்டேன். பாதி வாளிக்கு, மீதி அவர் சட்டைக் கைக்கு.

இத்தாலிக்காரர் கைதட்டிச் சிரித்தார். வாய் காலியானதும், "மீனோட குடிச்சா இரும்பக் கடிச்ச மாதிரி இருக்கு சார்" என்றேன். பெரிய ஓட்டல்காரர், "எனக்கும் மீனோட இரும்பாத்தான் இருந்துது. வெளிய சொன்னா ருசி தெரியாதவன்னு நெனப்பாங்களேன்னு கம்முனு இருந்தேன்" என்றார். அதன்பின் இறைச்சியோடு ருசி பார்த்தோம். அடடா! தக்காளியின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுத்தது. பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு, இறைச்சிக் கொழுப்பு பட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டது. இதை நானேதான் சொன்னேன், சித்தி, நிறுத்தாமல், கால் மணி நேரம்! நடுநடுவே கூச்சமில்லாமல் ஒன்பது முறை துப்பினேன். கடைசி இரண்டு, நடு வாளியில். வேலை நிரந்தரமாகிவிட்டது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை என்பதை மட்டும் அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், வாண்டுகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் வயிறு குளிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மாவே போன் செய்தாள். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்ததும், "அவ்வளவு தூரத்துலேருந்து ஒரு மனுஷன் தன் கையால செஞ்சு கொண்டாந்தத, அவர் கண்ணு முன்னாடியே ஒன்பது தடவ துப்புனியாடி? இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?" என்றாள். அடுத்த முறை மரியாதையாக விழுங்கும்படி எனக்கு உத்தரவு.