மூன்று ஸ்பானிஷ் சொல்லும் மாமனாரின் திராட்சையும்

ஒரு மொழியில் ஏமாற்று வேலைக்கான சொற்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், அந்த மொழிக்காரன் நம்மை ஏமாற்றவே முடியாது என்று நான் நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். அப்போதே நான் டிகிரி முடித்தவன்.)

இன்கமிங் காலுக்கும் காசு பிடித்த காலம். எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. மாமனாருக்குக் கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். விளைச்சல் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள ஸ்பெயின்காரர் ஒருவர் வருகிறார் என்றதும், போன அறுவடையில் புரோக்கரிடம் ஏமாந்திருந்த மாமா கலங்கிப்போனார். "அந்தப் பாசை யாருக்குத் தெரியும் மாப்ளே?"

"நான் இருக்கேன் மாமா" என்றேன். வேலையில்லாத மாப்பிள்ளை வேறெதைத்தான் கொடுப்பான்?

உத்தமபாளையம் நூலகத்து அகராதியில் மூன்று சொற்களைப் பிடித்தேன். எங்கன்யார், ஏமாற்றுவது. புர்லார், கேலி செய்வது. எஸ்கிவார், நழுவுவது. வணக்கம், நன்றியெல்லாம் நல்லவர்கள் பேசுவது. நமக்கெதற்கு?

வந்தவர் மனைவியோடு வந்தார். மொழிபெயர்க்கக் கொச்சிக்காரச் சேட்டன் ஒருவர். பந்தலுக்கடியில் விலை படிந்து மாமா கைகொடுக்கப் போன நேரம், அந்தம்மா கணவரிடம் வெடித்தார். எங்கன்யார் காதில் விழுந்தது. புர்லார் விழுந்தது. பின்னாலேயே எஸ்கிவார். மூன்றுக்கு மூன்று!

"கையக் குடுக்காதீக மாமா! ஏமாத்துறாக!" என்று அலறியபடி ஓடி, தோட்டத்துப் படலைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டேன். (வேறு வழியில்லை. படலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.)

மாதிரிக்குப் பழம் வெட்டிய பெண்கள் கத்தரியோடு நின்றுவிட்டார்கள். மாமா முகம் வெளிறிவிட்டது. சேட்டன் விசாரித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"எடோ, அது அவங்க வீட்டுச் சண்டையாக்கும்! ஹனிமூனுக்குக் கடலுக்குன்னு ஏமாத்தி இங்க கொண்டுவந்துட்டாராம். கேட்டா கேலி பண்றாராம், நழுவுறாராம்."

மாமா அந்தம்மாவைப் பார்த்தார். வியாபாரத்தையே மறந்துவிட்டார். "மொதல்ல அந்தப் புள்ளைக்குக் கடலைக் காட்டிட்டு வரச் சொல்லுங்க. பழம் ரெண்டு நாள் கொடியில கெடக்கட்டும்."

தண்ணீர்ச் செம்போடு நின்ற என் மனைவி வள்ளி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, ஏமாத்துறதுக்கு அவுக பாசையில என்ன?"

"எங்கன்யார்."

"கொடைக்கானல்னு சொல்லி, மார்க்கையன்கோட்டைல உங்க சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனீகளே, அதுக்கும் அதேதானா?"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். இன்றைக்கும் நான் எதையாவது நாளைக்கென்று தள்ளினால், என் மகள் உட்பட வீடே "எங்கன்யார்" என்கிறது.

அந்தத் தம்பதி ராமேஸ்வரம் போனார்கள். மூக்கு சிவக்கத் திரும்பி வந்து, பேசிய விலைக்கே பழத்தை எடுத்துக்கொண்டார்கள். நானும் வள்ளியும் இன்னும் கொடைக்கானல் போகவில்லை.