தரை கொண்ட வீரபாகு

வாழ்க வீரபாகு! சூரனை வென்ற வேலவனின் படைத்தலைவன் பெயரைத் தாங்கி, உப்புக்காற்று ஓயாத தூத்துக்குடித் திருநகரில், பனைநாட்டுக் கருப்பட்டியையும் பனங்கற்கண்டையும் மலைமலையாய்க் குவித்து, எண்டிசைக்கும் லாரியேற்றி அனுப்பும் இனிப்புக் கோமானே, நின் புகழ் ஓங்குக! துறைமுகச் சாலையருகே நீ எழுப்பிய புதிய சரக்குக் கிட்டங்கியின் தரைக்காக மூண்ட மாபெரும் சமரைச் சொல்லப் புகுந்தோம். நடுவே எங்களுக்குச் சிரிப்பு வந்தால் பொறுத்தருள்க.

போருக்கு வித்திட்டவர், தலைவரின் மனையாள் செல்லக்கனி அம்மையாரின் தமையனார் வேல்ராஜ். திருச்செந்தூரில் அவர் திறந்த பாத்திரக்கடையின் தரை, எபாக்ஸி என்னும் பிசினை ஊற்றி இழைத்தது. ஆழ்கடல் நீலத்தில், கண்ணாடியும் நாணித் தலைகுனியும்படி மின்னியது. திறப்புவிழாவன்று, சுற்றத்தார் திரண்டிருந்த சபை நடுவே, அவர் நம் தலைவரின் தோளில் கைபோட்டு, "மாப்ள, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, மூஞ்சி தெரியுதா?" என்றார். தெரிந்தது. மூஞ்சி மட்டுமா, மீசையில் ஒட்டியிருந்த கேசரியும் தெரிந்தது. மானமுள்ள மறவர் இதைப் பொறுப்பாரோ! வீடு திரும்பியதும் வீரபாகு சூளுரைத்தார்: "என் கிட்டங்கித் தரையில மச்சான் மூஞ்சி தெரியணும். பல்லு விழுந்த இடம் வரைக்கும் தெரியணும். எபாக்ஸிதான், அதுவும் பச்சை நிறத்துல!"

சபதம் கேட்டு ஊர் நடுங்கவில்லை. அடுப்படியில் நின்ற அம்மையார்தான் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அண்ணன் கடைத் தரை நம்ம கிட்டங்கிக்குள்ள வரக்கூடாது. பாலிஷ் போட்ட கான்கிரீட்தான். சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டதற்குக் கரண்டிதான் பதில் சொன்னது, குழம்புச் சட்டியின் விளிம்பில் ஓங்கி. அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டத்து அப்பளத்தை வேறு வேறு திசை பார்த்து நொறுக்கினார்கள்.

இருபெரும் சேனைக்கும் ஆயுதம் வழங்கியவர் ஒருவரே. அவர் தரை போடும் எபனேசர். இரண்டையும் போடுபவர் ஆதலால் எப்பக்கமும் சாயாத நடுநிலைச் செம்மல். புதிய கிட்டங்கியின் கிழக்கு மூலையில் எபாக்ஸியையும், மேற்கு மூலையில் தேய்த்து மெருகேற்றிய கான்கிரீட்டையும் ஒரு கட்டில் அகலத்துக்குப் போட்டுக் காட்டினார். "எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. சீக்கிரம் சொல்லுங்க, ஆத்தூர்ல கல்யாண மண்டபம் காத்துக் கிடக்கு" என்று சொல்லி, சுவரோரம் சுருட்டிவைத்திருந்த ஓலைப்பாய்க் கட்டின்மேல் அமர்ந்துகொண்டார்.

அப்பொழுது, வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலைப்பாகையாய்ச் சுற்றி, பழைய கிட்டங்கியிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த கருப்பட்டிப் பாகுச் செம்பை வலக்கரத்தில் ஏந்தி, களம் அதிரப் புகுந்த வீரபாகு, கிழக்கிலே பாதியும் மேற்கிலே பாதியுமாகக் கவிழ்த்து, அது ஆறும்வரை மீசையை முறுக்கியபடி நின்று, பின்பு ஈரத்துணியால் துடைத்தார். எபாக்ஸி துடைத்த சுவடின்றிச் சிரித்தது. கான்கிரீட்டிலோ இலங்கைத் தீவின் வடிவில் ஒரு கறை தங்கிவிட்டது. "பாத்தியாளா செல்லக்கனி! நம்ம தொழிலுக்கு எது தோதுன்னு தரையே சொல்லுது!" என்று தலைவர் முழங்கினார்.

அம்மையார் கலங்கவில்லை. குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்.

"இப்ப நான் ஊத்துதேன். நீங்க நடங்க."

இரண்டு மூலையும் நனைந்தன. தலைவர் முதலில் கான்கிரீட்டில் நடந்தார். கால் லேசாகச் சறுக்கினாலும் ஊன்றி நின்றது. அடுத்து, வெற்றித் திருமகள் மாலையோடு காத்து நிற்பதாக எண்ணி, நெஞ்சை நிமிர்த்தி, எபாக்ஸியில் அடிவைத்தார். வலது கால் துறைமுகத்தை நோக்கியும் இடது கால் பாளையங்கோட்டையை நோக்கியும் புறப்பட்டன. நடுவில் இருந்த வீரபாகு, தொம்மென்று, விழுந்தார். கன்னம் பதிந்த தரையில் அவர் மூஞ்சி மிகத் தெளிவாகத் தெரிந்தது.

நடுநிலைச் செம்மல் விழுந்து விழுந்து சிரித்தார். செல்லக்கனி சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அண்ணன் கடையில, ஆரத்தித் தட்டோட நானும் இப்படித்தான் விழுந்தேன். ஊரே சிரிச்சுது. ஊரு சிரிக்கட்டும். நீங்களும்லா சிரிச்சிய."

சிரித்தது உண்மை. வாய் நிறைய கேசரியோடு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருந்தார். அது இத்தனை நாள் அம்மையாரின் மனத்தில் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கருப்பட்டிக் கோமானுக்கு வெட்கமாகப் போயிற்று.

"தப்புதாம்ளா. அன்னைக்கு அடி கிடி பட்டுச்சா?"

"முட்டி வீங்கிக் கிடந்துச்சு. இப்பவாச்சும் கேட்டியளே."

விழுந்து கிடந்த நிலையிலேயே தலைவர் வலக்கரம் உயர்த்தி அரசாணை பிறப்பித்தார்: "தம்பி எபனேசர்! கிழக்கும் மேற்கும், வடக்கும் தெற்கும், சுவர் தொட்டுச் சுவர் வரை கான்கிரீட்டே ஆகுக! மச்சான் தரை அவரோட இருக்கட்டும்!"

பின்பு அரவை எந்திரங்கள் ஆர்த்தெழுந்து, தூசு மேகமாய்ப் படர்ந்து, வானம் மறைத்து, பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர் வந்து சண்டைபோட்டுப் போனபின், முத்து விளைந்த கடலின் வெண்மையும் மேகத்தின் சாம்பலும் கலந்தாற்போல் ஒரு தரை பிறந்தது. மாலைதோறும் கணவனும் மனைவியும் அங்கே வந்து குனிந்து பார்த்தார்கள். இரண்டு மூஞ்சியும் தெரிந்தன. வேல்ராஜின் பல் விழுந்த இடமும் நிச்சயம் தெரியும் என்பதில் இருவருக்கும் இப்போது ஒரே கருத்துதான்.

திறப்புவிழா விடிந்தது. விடியுமுன்பே உடன்குடியிலிருந்து லாரி நிறைய கருப்பட்டிச் சிப்பங்கள் வந்துவிட்டன. கருப்பட்டி வெறுந்தரையில் பட்டால் கசிந்துவிடும். அதனால் வாழ்நாளெல்லாம் செய்துவந்த பழக்கத்தில், தலைவர் ஒரு முனையும் தலைவி மறுமுனையும் பிடிக்க, வேலை மும்முரத்தில் வேறெதுவும் நினையாமல், நடைவழிகூட விடாமல் விரிக்க வேண்டியதை விரித்து, அதன்மேல் கூரை முட்ட அடுக்கி முடித்தார்கள். நாதசுரம் முழங்க, சுற்றம் சூழ, பட்டு வேட்டி சரசரக்க, திருச்செந்தூரிலிருந்து எழுந்தருளினார் வேல்ராஜ்.

"எங்க மாப்ள, ஊரெல்லாம் பேசுத அந்தத் தரை? காட்டுங்க, மூஞ்சியைப் பாக்கணும்."

வீரபாகு செல்லக்கனியைப் பார்த்தார். செல்லக்கனி வீரபாகுவைப் பார்த்தார்.

தரை பாய்க்கு அடியில் இருந்தது.