தக்காளியைத் தின்னாத நடுவர்

சம்பளம் வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. நான் சொல்வது கௌரவ நடுவர் என்னும் இனம். மாடித் தோட்டச் சங்கம் வருடத்துக்கு ஒரு தக்காளிப் போட்டி வைத்தால், “சும்மா வந்து ஒத்தாசை பண்றேன்” என்று கையைத் தூக்குவார். தூக்கிய கையில் அதற்குள் ஓர் அளவுகோல் இருக்கும்.

பரிசு என்ன? செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒரு பூவாளி. அதற்காக இவர் பூதக்கண்ணாடி, சமையலறைத் தராசு, நிற அட்டை, தம் கைப்பட எழுதிய பதினான்கு பக்க விதிமுறை எல்லாவற்றையும் சுமந்து வந்து, மேசையில் பரப்பி, கைக்குட்டையால் துடைத்து, பக்கத்தில் யாராவது சிரித்தால் நிமிர்ந்து முறைத்து, சிரிப்பு அடங்கிய பிறகே முதல் தட்டைத் தொடுவார். போன வருடம் ஐந்து நடுவர்கள். இந்த வருடம் இரண்டு பேர். மற்ற மூவருக்கும் ஒரே நாளில் பல்வலியாம். நம்புங்கள்.

இம்முறை ஒரு நர்ஸ் புதிதாகப் போட்டிக்கு வந்தார். மூன்று மாதம், டியூட்டி முடிந்த களைப்போடு படியேறித் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஐந்து பழங்கள். பூவாளி அவருக்கு வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வாய் சொல்லக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நடுவர் அளந்தார். நூற்றுக்கு முப்பத்தொன்று.

“ஏன் சார் இவ்வளவு கம்மி?”

“அஞ்சும் ஒரே சைஸ் இல்லம்மா. நாலாவதுக்குக் காம்பு வளைஞ்சிருக்கு.”

“சாப்பிட்டுப் பாத்தீங்களா?”

“ருசி ஆளுக்கு ஆள் மாறும். அளவு மாறாது. அதனால ருசிக்கு மார்க் கிடையாது.”

கேட்டீர்களா? தக்காளிப் போட்டியில் தக்காளியைத் தின்பது மட்டும் விதிமீறல்! அளப்பது அறிவுதான், எதை அளக்கிறோம் என்று கேட்பது அதைவிடப் பெரிய அறிவு. அநியாயம் எப்போதும் தடியோடு வருவதில்லை. சில நேரம் கட்டம் போட்ட காகிதத்தோடும் வரும்.

நர்ஸ் தட்டைப் பைக்குள் வைக்கப் போனார். “இனிமே கடையிலயே வாங்கிக்கறேன் சார்.”

“இருங்க சிஸ்டர்!” என்றார் இன்னொரு நடுவரான பஸ் கண்டக்டர். அந்த நாலாவது பழத்தை எடுத்து ஒரே கடி. சாறு சட்டையில் வழிந்தது. “யோவ், இதுக்கா முப்பத்தொண்ணு? நாக்கை வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?”

கூடமே சிரித்தது. நர்ஸும் சிரித்தார். மீதி நான்கையும் நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். “அடுத்த தடவை ஒரு கூடையா கொண்டாங்க சிஸ்டர்!” என்று ஒரு குரல். “பத்துமா அது?” என்றார் நர்ஸ்.

நம் நடுவரா? குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்: ‘பழங்கள் ஐந்தும் காணவில்லை. மதிப்பெண் பூஜ்யம்.’

நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பது இருக்கட்டும். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் தாமே செய்ததை ஆசையாக நீட்டியபோது, “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று ஆரம்பித்தீர்களே, அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?