நாலு ஷாக்கும் ஒரு மாப்பிள்ளையும்

மெத்தைக்கடையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர் கை சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்க்கும். அன்று காலை மாப்பிள்ளை அமுக்கியது, மாமியாரின் வேலை மேஜைமேல் மேல்கூடு இல்லாமல் எலும்பும் தோலுமாக நின்ற ரிமோட் காரை. அமுக்கிய வேகத்தில் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் நாலில், முன்பக்க இடது ஷாக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது.

சும்மா சொல்லக்கூடாது, மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஓய்வு பெற்றதும் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தால், இவர் ரிமோட் கார் பந்தயத்தில் இறங்கினார். விரல் நீளம்கூட இல்லாத ஷாக் குழாயில் எண்ணெய் ஊற்றி, தண்டை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழி ஒன்று விடாமல் வெளியேற்றி, காதோரம் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடுவார். அதைப் பார்க்கவே கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை மெத்தை வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷமாக இரண்டாம் இடம்தான். கோப்பை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே போகிறது. மாப்பிள்ளைக்கு அது ஆறவே இல்லை. இன்று பதினொரு மணிக்கு நாலாவது வருஷப் பந்தயம். அத்தை குளித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அம்மா டேபிள்ல என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல, தூசி தட்டறேன்."

"எதையும் தொட்டுத் தொலைக்காதீங்க!"

"ஸ்பிரிங்கைப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

மூடியை இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று குறடால் ஒரு சுற்றுச் சுற்றினார். நிற்கவில்லை. இன்னொரு சுற்று. மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் வளையம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை உள்ளே தள்ளலாம் என்று மூடியைத் திறந்தார். இருந்த எண்ணெய் அத்தனையும் அவர் சட்டையில்.

எண்ணெயில் என்ன சாதி, எண்ணெய் எண்ணெய்தானே என்று தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி மூடினார். இப்போது இடது பக்கம் பொசுக்கென்று இறங்கிப் பொசுக்கென்று எழும்பியது. வலது பக்கம் நிதானமாக வந்தது. ஜோடிப் பொருத்தம் வேண்டாமா? வலதையும் திறந்தார். அதன்பின் முன்பக்கம் துள்ள, பின்பக்கம் மட்டும் தூங்கியது. பின்னால் இருந்த இரண்டையும் திறந்தார்.

கடைசியில் அமுக்கிப் பார்த்தபோது கார் தவளை மாதிரி மேஜையைவிட்டே எழும்பியது. மெத்தையாக இருந்திருந்தால் பத்து வருஷ உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருப்பார்.

"மாப்ளே, கிளம்பலாமா?"

அவசரமாகக் காரைப் பெட்டியில் வைத்தார். அத்தை கையில் இன்னொரு பெட்டியும் இருந்தது. டயர், சாமான் ஏதாவது இருக்கும்.

மைதானத்துக் கொட்டகையில் வரிசையாக மேஜைகள். பாதிப் பேர் ஏற்கெனவே பயிற்சி ஓட்டத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை காரை எடுத்து மேஜைமேல் வைத்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் முதல் வளைவிலேயே கார் கவிழும், அத்தை நாலாவது முறையும் தோற்பார். மானம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். வாழ்க்கையில் அவர் எடுத்த மிக நேர்மையான முடிவு அதுதான்.

"அத்தை, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தக் கார்ல ஷாக்கைத் தொறந்துட்டேன்."

"எத்தனை?"

"நாலும்."

"எண்ணெய்?"

"தையல் மெஷின் எண்ணெய்."

அத்தை ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "எங்க ஆஸ்பத்திரியில எவ்வளவோ டாக்டரைப் பார்த்திருக்கேன், மாப்ளே. வலி ஒரு இடத்துல இருக்க நாலு இடத்துல கிழிச்சவங்க யாருமில்ல."

அவ்வளவுதான் திட்டு. வெள்ளைத் துண்டை விரித்தார், கருவிகளை வரிசையாக அடுக்கினார், கையை நீட்டினார்.

"துணி."

கொடுத்தார்.

"சின்ன இடுக்கி."

முப்பது வருஷம் பிறருக்கு எடுத்துக் கொடுத்த கை அது. இன்று அதற்கு எடுத்துக் கொடுக்கிற பாக்கியம் மாப்பிள்ளைக்கு வாய்த்தது. நாலு குழாயையும் கழுவித் துடைத்து, புது வளையம் போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பக்கத்தில் கார்கள் கத்திக்கொண்டு ஓடின, விரல் ஒரு மயிரிழை ஆடவில்லை.

"பிரேக்கைப் படக்குனு பிடிக்கிற கை. முன்னாடி கொஞ்சம் கெட்டி எண்ணெயா விட்டாத்தான் மூக்கு குத்தாது," என்று முணுமுணுத்தார்.

இத்தனை நிதானமாக ஓட்டுகிறவர் தன் குறையைத் தானே சொல்லிக்கொள்கிறாரே என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. என்ன பெருந்தன்மை!

"அத்தை, பயிற்சி ஓட்டம் முடியப்போகுது. நீங்க ஒரு சுத்துகூட ஓட்டலியே?"

"போனா போகுது. கைக்கு வந்ததை அரைகுறையா அனுப்பிப் பழக்கமில்ல."

ஒவ்வொரு ஷாக்கையும் காதில் வைத்துக் கேட்டு, காரில் மாட்டி, ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே விட்டார். கார் மேஜையில் உட்கார்ந்தது, ஒரு துள்ளல் இல்லை. மாப்பிள்ளையின் உள்ளங்கை அரித்தது.

"உங்களுக்கும் ஆசைதானே? அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். நாலும் ஒன்றாக இறங்கி, ஒன்றாக எழுந்தன. இப்படி ஒரு மெத்தையைத் தன் பிறவியில் விற்றதில்லை என்று தோன்றியது.

"அத்தை, எழுதி வெச்சுக்குங்க. இந்தக் காரை இன்னைக்கு எவனாலயும் ஜெயிக்க முடியாது!"

"தெரியும், மாப்ளே," என்று கையைத் துடைத்துக்கொண்டே அத்தை இன்னொரு பெட்டியைத் திறக்கப் போனார்.

அப்போது நீல நிற மேல்கூடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வேகமாக வந்து சேர்ந்தார்.

"அக்கா, என் வண்டி ரெடியா? போன மூணு வருஷம் மாதிரியே பண்ணிக் குடுத்துட்டீங்கல்ல?"