நீட்புல் அண்ணையின் கலியாண விண்ணப்பம்

ஒரேயொரு இங்கிலீசு வசனத்தை வைத்துக்கொண்டு தீவுப்பகுதி முழுவதையும் கட்டியாண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கந்தோர் வாசலுக்கு எதிரே இருந்தார்.

வேலணைப் பக்கத்தில் நான் கிளாக்கராக இருக்கும் அரச கந்தோர் அது. எந்தக் கந்தோர் என்று கேட்கவேண்டாம், நான் இன்னும் பென்சன் எடுக்கவில்லை. எதிரே ஒரு மேசை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை, மேலே ஒரு பெரிய குடை. கொழும்புக் கம்பனிகளுக்கும் தூதரகங்களுக்கும் ஊராரின் சார்பில் இங்கிலீசில் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். எந்தக் கடிதமானாலும் ‘கைன்ட்லி டூ த நீட்புல்’ என்று முடியும். தேவையானதைத் தயவுசெய்து செய்யுங்கள் என்று அர்த்தம். தேவையானது எது என்பது மட்டும் கடிதத்தில் ஓரிடத்திலும் இராது. தாய் தகப்பன் வைத்த பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஊருக்கு அவர் நீட்புல் அண்ணை.

சொல்லாமல் விடுவது மறதியில்லை, கொள்கை.

“இன்னது வேணுமெண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லுறது அவங்களுக்கு லேசு,” என்று எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினார். “ஒண்டையும் கேக்காட்டி எதுக்கு இல்லையெண்டு சொல்லுறது?”

நயினாதீவுக்காரர் ஒருவர் கொழும்பில் பிரிஜ் ஒன்று வாங்கினார். அது குறிகட்டுவான் இறங்குதுறையில் லொறியால் இறங்கும்போதே கதவு நெளிந்திருந்தது. அண்ணை கம்பனிக்கு எழுதினார். பிரிஜ் வந்த பாதை, கடலின் அன்றைய நிலைமை, வாங்கியவரின் குடும்பப் பின்னணி, வீட்டில் பால் புளிக்கிற வேகம் எல்லாம் கடிதத்தில் இருந்தன. கதவைப் பற்றிக் கோரிக்கை எதுவும் இல்லை. கம்பனி குழம்பிப்போய் ஒரு புதுப் பிரிஜ்ஜையே அனுப்பிவிட்டது. கதவைக் கேட்டிருந்தால் கதவுதான் வந்திருக்கும் என்று அண்ணை பிறகு பலகாலம் சொல்லித் திரிந்தார்.

எல்லா நேரமும் அப்படி வாய்க்கவில்லை. கோயில் ஒலிபெருக்கி தன் வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது என்று ஒரு பெரியவருக்காக நிர்வாகசபைக்கு எழுதினார். சபை கூடி ஆராய்ந்தது. பெரியவருக்குக் காது மந்தமாக்கும் என்று இரங்கி, பக்கத்தில் இன்னொன்றையும் கட்டிவிட்டது. அண்ணை அதைத் தோல்வியாகக் கருதவில்லை. நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள்தானே என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் காதல் வந்தது.

எங்கள் கந்தோரின் கடிதப் பிரிவில் வதனி மிஸ் இருந்தார். புங்குடுதீவில் இருந்து நாளாந்தம் பஸ்ஸில் வருவார். தம்பிமார் எல்லாரையும் வெளிநாட்டுக்கு அனுப்பி, கலியாணமும் கட்டிவைத்து, தாயையும் பார்த்துக்கொண்டு, தன்னுடைய கலியாணத்தைக் கவனிக்க நேரமில்லாமல் நாற்பதைத் தாண்டியவர். கையில் வரும் எந்தக் கடதாசியிலும் அடுத்த கணம் திகதி முத்திரை குத்திவிடுவார். சக ஊழியர் கொடுத்த கலியாண அழைப்பிதழுக்கும் முத்திரை விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மிஸ்ஸுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் என்று கதை அடிபட்டபோதுதான் அண்ணைக்கு அவசரம் பிடித்தது. ஒரு நாள் தலையை நன்றாக வாரி இழுத்துவிட்டு, வெள்ளைச் சேட்டோடு கவுண்டருக்கு வந்து, தன் கைப்பட எழுதிய கடிதத்தை மிஸ்ஸின் கையில் கொடுத்தார். மிஸ் முத்திரையைக் குத்தினார். அண்ணை அந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

‘டியர் மேடம்’ என்று தொடங்கிய கடிதம் அது. மேடம் என்றால் எங்கள் கந்தோரில் தலைமை அதிகாரிதான். ஆகவே கடிதம் மாடிக்குப் போனது. தான் தனியே வசிப்பதாகவும், வீட்டுக்கு இரண்டு அறை இருப்பதாகவும், வடக்குப் பக்கம் கொஞ்சம் ஒழுகுவதாகவும், கிணற்றுத் தண்ணீர் நல்லதென்றும், வளவில் இடம் சும்மா கிடப்பதாகவும், இன்னும் எவருடைய உதவியுமின்றி நடமாடக்கூடியவர் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் வழக்கமான வசனம். மேடம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து ஒரு கோரிக்கையும் அகப்படாமல், ‘சகல பிரிவுகளும் தேவையானதைச் செய்யவும்’ என்று ஓரத்தில் எழுதிக் கீழே அனுப்பினார்.

சகல பிரிவுகளும் செய்தன. கிராம விதானையார் போய்க் கூரையை அளந்தார். சுகாதாரப் பகுதி வந்து நல்ல தண்ணீருக்குள் குளோரின் போட்டது. சும்மா கிடந்த வளவுக்குத் தென்னங்கன்று வந்தது. சமூகசேவைப் பிரிவு, ‘இன்னும் நடமாடுகிறார்’ என்பதில் இருந்த ஆபத்தை உணர்ந்து ஓர் ஊன்றுகோலை அனுப்பியது. அண்ணை எல்லாவற்றையும் கையெழுத்து வைத்து வாங்கினார்.

இந்தக் கூத்து எதற்கு என்று நான் ஒருநாள் குடைக்குக் கீழே போய்க் கேட்டேன். அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய்.

“அண்ணை, கலியாணம் எண்ட சொல்லே அதுக்குள்ளை இல்லையே.”

“எழுதி, அவ ஓமெண்டு சொல்லாம ஏலாதெண்டு சொன்னா?”

அவர் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் இவர் கொள்கை கொள்கை என்றது வெறும் பயத்தைத்தான் என்று எனக்கு விளங்கியது. ஊரார் எவரும் ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்கக்கூடாது என்று பாடுபட்ட மனிதர், அந்தப் பதிலுக்கு எல்லாரிலும் அதிகமாக நடுங்கினார். பாவமாக இருந்தது.

மிஸ்ஸின் இடமாற்றம் உறுதியானது. கடைசி நாள் கந்தோரில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். பின்னேரம் கவுண்டர் பூட்டப்போகும் நேரம் அண்ணை வந்தார். கையில் இன்னொரு கடிதம். இந்தமுறை பக்கங்கள் முந்தியதைவிடக் கூட. மிஸ் அதை வாங்கவில்லை. முத்திரையை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

“போன கடிதத்தை நான் திருப்பித் திருப்பி வாசிச்சனான். என்ன வேணுமெண்டு அதிலை இல்லை,” என்றார். “நாளைக்கு நான் இஞ்சை இருக்கமாட்டன். வாயாலை சொல்லுங்கோ.”

அண்ணைக்குப் பின்னால் காணிப் பிரச்சினையோடு நின்ற இரண்டு பேரும் கிட்ட வந்து காதைக் கொடுத்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றேன். அண்ணை கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு சுத்தத் தமிழில், கோரிக்கை என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தன் வாழ்நாளில் முதல்தடவையாகச் சொன்னார்.

“நீங்கள் என்னைக் கலியாணம் கட்டவேணும்.”

மிஸ் மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையை இன்னொருமுறை துடைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து அம்மாட்டைக் கேளுங்கோ,” என்றார். “அவவுக்கு இங்கிலீசு தெரியாது.”

காணிக்காரர்கள் கை தட்டினார்கள். கவுண்டர் பூட்டியாயிற்று, நாளைக்கு வாருங்கள் என்று மிஸ் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை துணைக்கு வரச்சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குறிகட்டுவான் பஸ்ஸில் யன்னலோர சீற்றில் என்னை இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார். கையில் ஒரு கடதாசித் துண்டும் இல்லை. இரண்டு பக்கமும் கடல் தொடங்கியதும் என் பக்கம் திரும்பி, தாயிடம் கேட்கவேண்டியதை மெல்லிய குரலில் என்னிடம் கேட்டுப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி கேட்டார். புங்குடுதீவு வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்றேன்.