பெர்திகாக்கிஸ் ஐயாவுக்குச் செரிக்காத பச்சைக் கோப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நான் காய்ச்சும் ராக்கிச் சாராயம் மொத்தமும் பச்சைத் தண்ணீராகப் போகட்டும்! இதைவிடப் பெரிய சத்தியம் எங்கள் கிரீட் தீவில் கிடையாது.

அந்தக் கோடையில் ஆலிவ் காய்களில் ஈ விழுந்தது. எங்கள் ஊர் மேல்சரிவு ஸஹரேனியாவுக்குத் தன் ஆலிவ் தோப்பை விட்டால் வேறு நாதியில்லை. ஈக்கு மருந்தடிப்பது அரசாங்க ஆட்களின் திருப்பணி. நாமே அடித்தால் குற்றம். ஆகவே அவள் பூச்சிப் பிரிவின் தலைவர், மாண்புமிகு பெர்திகாக்கிஸ் அவர்களின் சமூகத்தில் போய் நின்றாள்.

அவர் ஏதென்ஸில் கருத்தரங்கு முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த வருடம் அதிகாரிகளிடையே விஞ்ஞானம்தான் நாகரிகம்.

"அம்மா, பச்சைக் காயோட கசப்பு புழுவுக்குச் செரிக்கவே செரிக்காது. தாய் ஈ முட்டையோட சேர்த்து பாக்டீரியாவைக் குடுத்தனுப்புது. அதுதான் புழு வயித்துல உக்காந்து செரிச்சுக் குடுக்குது. ஆக, குற்றவாளி பாக்டீரியா. நீங்க கிருமிப் பிரிவுக்குப் போங்க."

போனாள். கிருமிப் பிரிவுத் தலைவர் விசாரித்தார்: "பாக்டீரியா எங்க குடியிருக்கு?"

"புழு வயித்துலதான்."

"குடித்தனக்காரன் தப்பு செஞ்சா வீட்டுக்காரன்தான் பொறுப்பு. பூச்சிப் பிரிவுக்குப் போங்க!"

திரும்பி வந்தாள். பெர்திகாக்கிஸ் ஆழ்ந்த சிந்தனையில் இறங்கினார். அதாவது, பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"அரிஸ்தியா, நான் என்ன நினைக்கிறேன்?"

குமாஸ்தா அரிஸ்தியா தலை தூக்கவில்லை. "காய் கறுத்துப் பழுத்தா பாக்டீரியா உதவி இல்லாமலே புழு தின்னும். குற்றம் முழுசும் பூச்சியோடது ஆயிடும். அப்போ ஆள் அனுப்பலாம்னு நினைக்கிறீங்க."

"அதேதான்!"

"கறுக்கிறதுக்குள்ள எல்லாம் கொட்டிடுமேய்யா!" என்றாள் ஸஹரேனியா.

"சட்டத்துக்குப் பொறுமை வேணும்மா."

ஸஹரேனியா அவரை விட்டுவிட்டு அரிஸ்தியாவை உற்றுப் பார்த்தாள். "ஏ பொண்ணே, எங்க ஊரு மாதா திருவிழாவுக்கு வர்றியா? ஆட்டுக்கறி, பாலாடைக்கட்டி அடை, விடிய விடிய லீரா பிடில் வாசிப்பு, ஆட்டம்!"

வந்தாள். ஆடினாள். திருவிழா முடிந்தும் போகவில்லை.

அவள் இல்லாத அலுவலகத்தில் பெர்திகாக்கிஸுக்கு ஒரு பச்சைக் கோப்பும் செரிக்கவில்லை. ஆள் வற்றிப்போய் எங்கள் காப்பிக்கடை வாசலில் வந்து இறங்கினார்.

"என் குமாஸ்தாவைக் குடுத்திடுங்கம்மா! நான் காப்பிக்குச் சர்க்கரை போடுவேனா மாட்டேனான்னுகூட எனக்குத் தெரியல."

"முதல்ல மருந்து வண்டி வரட்டும்," என்றாள் ஸஹரேனியா.

"சரி, உத்தரவு போடுறேன். எப்படிப் போடணும்?"

"அதையும் அவகிட்டதான் கேக்கணும், ராசா!"

அரிஸ்தியா முழங்காலில் வைத்து உத்தரவை எழுதினாள், அவர் கையெழுத்திட்டார். வண்டி வந்தது. காய் தப்பியது.

அரிஸ்தியா மட்டும் திரும்பிப் போக மறுத்துவிட்டாள். "அந்த வயித்துக்குள்ள ஒரே இருட்டு," என்றாள். அதற்குப் பிறகு பெர்திகாக்கிஸ் ஒரு உத்தரவும் போடவில்லை. ஒரு தவறுகூட இல்லாத அதிகாரி என்று மெச்சி, அவரைப் பதவி உயர்த்தி ஏதென்ஸுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது குழாயில் தண்ணீர் நின்றால் காப்பிக்கடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அரிஸ்தியா, நமக்குக் கோபம் வருதா?" என்று கேட்டுக்கொண்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் கத்துகிறோம். பாதிரியார்கூட, "நான் எதை நம்புறேன் அரிஸ்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரசங்கத்துக்கு ஏறுகிறார்.

இதை நான் சொன்னதாக ஒரு ஈ காக்கையிடமும் மூச்சு விடாதீர்கள். சொன்னது நான்தானா என்பதையே, அரிஸ்தியாவிடம் கேட்டுத்தான் நான் உறுதி செய்ய வேண்டும்.